களஞ்சியத்தின் சாவி யார் கையில்?

(பெருநகரில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



களஞ்சியம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக அதை நிரப்பியவர்கள் நீங்கள். நாற்று நட்டது உங்கள் கை. களை பறித்தது உங்கள் கை. கதிர் சுமந்தது உங்கள் தலை. நெல் உள்ளே போனதும் கதவு சாத்தப்பட்டது. சாவி வேறொருவர் இடுப்பில் தொங்கியது.

அறிவுக்கும் ஒரு களஞ்சியம் உண்டு. கலைக்களஞ்சியம் என்று அதற்குப் பெயர். மலை, ஆறு, நோய், மருந்து, அரசர், கலகம், பூச்சி, இயந்திரம் என்று உலகத்திலுள்ள சகல விஷயங்களையும் அகர வரிசையில் அடுக்கி வைத்திருக்கும் நூல். தமிழில் இதற்காகப் பாடுபட்டவர்கள் உண்டு. சிங்காரவேலு முதலியார் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் பல ஆண்டுகள் ஒற்றை ஆளாகச் சேகரித்த 'அபிதான சிந்தாமணி' 1910-ல் வெளிவந்தது. அச்சிட ஆள் கிடைக்காமல் அவர் அலைந்தார். கடைசியில் பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்தார். பிறகு தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954-லிருந்து 1968 வரை பத்துத் தொகுதிகள் கொண்டுவந்தது. அறிஞர்கள் எழுதினார்கள். அருமையான வேலை. ஆனால் அந்தப் பத்துத் தொகுதிகளை நம்மில் எத்தனை பேர் கையால் தொட்டிருக்கிறோம்? கல்லூரியிலும் பெரிய நூல்நிலையத்திலும் கண்ணாடி அலமாரிக்குள் அவை இருந்தன. அங்கேயும் பூட்டு, அங்கேயும் சாவி.

இன்றைக்கு உங்கள் பிள்ளைகள் கையிலுள்ள தொலைபேசியில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. விக்கிப்பீடியா என்று பெயர். 2001 ஜனவரியில் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் துவங்கினார்கள். தமிழில் 2003-ல் துவங்கியது. படிக்கக் காசில்லை. விளம்பரமில்லை. இதுவரை சொன்னதில் அதிசயம் ஒன்றுமில்லை. காசில்லாமல் படிக்கக் கிடைப்பவை வேறு எத்தனையோ உண்டு. அதிசயம் இதுதான்: அதன் பெரும்பாலான பக்கங்களில் 'தொகு' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை அழுத்தினால், நீங்களே அந்தப் பக்கத்தைத் திருத்தலாம். இல்லாத பக்கத்தைப் புதிதாக எழுதலாம். பட்டம் கேட்பதில்லை. சாதி கேட்பதில்லை. பட்டா கேட்பதில்லை.

துவக்கத்தில் இதை யார் நம்பினார்கள்? 'வருகிறவன் போகிறவன் எல்லாம் எழுதினால் அது நூலா, சந்தைக்கடையா?' என்று படித்தவர்கள் சிரித்தார்கள். மயூரநாதன் என்ற யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர், வேலை தேடிப்போன வளைகுடா நாட்டில் இருந்துகொண்டு, 2003 நவம்பர் முதல் ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்தார். ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அவர் எழுதியவை. கனடாவிலுள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது. அவரோடு தமிழ்நாட்டிலிருந்தும் ஈழத்திலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் பலர் சேர்ந்தார்கள். 2017 மே மாதத்தில் தமிழ்க் கட்டுரைகள் ஒரு லட்சம் ஆயின. இன்று ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன.

ஆனால் நான் இன்று பேச வந்தது கட்டுரை எழுதியவர்களைப் பற்றி அல்ல. அவர்களுக்குப் பெயர் கிடைக்கிறது. வேறு ஒரு கூட்டம் இருக்கிறது. புதிதாக வருகிறவன் வாசலில் நின்று விழிக்கிறான் பாருங்கள், அவன் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிற கூட்டம். அவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஒத்தாசை

தமிழ் விக்கிப்பீடியாவில் கேள்வி கேட்பதற்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். அதற்கு என்ன பெயர் தெரியுமா? 'ஒத்தாசைப் பக்கம்'. தகவல் மையம், சேவைப் பிரிவு என்றெல்லாம் கச்சேரிப் பெயர் வைக்கவில்லை. ஏற்றத்தில் ஒரு கை, கூரை மேய ஒரு கை, பாரம் தூக்கிவிட ஒரு கை என்று நாம் அன்றாடம் சொல்லும் அதே ஒத்தாசை. பொதுவான விவகாரங்களைப் பேசித் தீர்க்கும் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். எழுதிப் பழகுவதற்கு 'மணல்தொட்டி'. மணலில் எழுதி அழிப்பதுபோல அங்கே எழுதலாம், அழிக்கலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள். இந்தப் பெயர்களை வைத்தவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

என்ன கேட்கிறார்கள் அங்கே? தமிழில் எழுத்தடிப்பது எப்படி? படம் சேர்ப்பது எப்படி? நான் எழுதிய கட்டுரையை ஏன் நீக்கினீர்கள்? இப்படி. பதில் சொல்கிறவர் யார்? சம்பளக்காரர் இல்லை. பகலில் எங்கோ ஆசிரியராகவோ, கணக்கராகவோ, பொறியாளராகவோ வேலை பார்த்துவிட்டு, இரவில் சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து பதில் எழுதுகிறவர். அதே கேள்வியை நூறாவது தடவையாகப் படிக்கிறவர். 'உங்கள் கட்டுரை இன்னொரு புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தது. சொந்த வார்த்தையில் எழுதுங்கள்' என்று நூறாவது தடவையாகச் சொல்கிறவர். 2017-ல் பள்ளிக் கல்வித்துறை ஆசிரியர்களைத் திரட்டி விக்கிப்பீடியாவில் எழுதப் பயிற்சி கொடுத்தது. புதியவர்கள் திரளாக உள்ளே வந்தார்கள். அவர்கள் தவறுகளைத் திருத்தி, கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் கரையேற்றியது இந்தச் சிறு கூட்டம்தான்.

தாலுகா கச்சேரி ஜன்னலை நினைத்துப் பாருங்கள். நீங்கள் கேட்ட கேள்வியும், அவர் சொன்ன 'நாளைக்கு வா'வும் காற்றோடு போய்விடும். அடுத்த ஆள் வந்து அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலை வாங்கிக்கொண்டு போவான். ஒத்தாசைப் பக்கத்தில் கேள்வியும் பதிலும் தேதியோடு, பெயரோடு நிற்கின்றன. பத்து வருஷம் கழித்து ஒருவன் வந்தாலும் படிக்கலாம். பதில் சொன்னவர் தவறாகச் சொன்னால், இன்னொருவர் கீழே எழுதித் திருத்தலாம். முன்பு எழுதியது அழிந்துபோகாது. 'வரலாறு' என்ற பகுதியில் எழுத்துக்கு எழுத்து இருக்கும்.

குறையே இல்லையா என்றால், உண்டு. சில பதில்கள் வெடுக்கென்று இருக்கும். விதிமுறையை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர் உண்டு. புதியவன் முகம் வாடித் திரும்பிப்போனால் பிறகு வரமாட்டான். ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்தத் தொல்லை பெரிதாகி, 2012-ல் தேநீர்க் கூடம் என்று ஒரு தனி இடமே ஏற்படுத்தினார்கள்; அங்கே பதில் சொல்கிறவர் முதலில் வரவேற்க வேண்டும், பிறகுதான் விதி பேச வேண்டும். எழுதுவோரில் பெண்கள் மிகக் குறைவு. உலகம் முழுவதும் இதே நிலை. நடவுப் பெண்களுக்கு நாற்றைப் பற்றித் தெரிந்தது எந்தப் பண்டிதருக்குத் தெரியும்? ஆனால் நடவு பற்றிய கட்டுரையைத் திருத்த அவர்கள் வருவதில்லை.

கைக்குழாய்க் கணக்கு

இதெல்லாம் படித்தவர்கள் விவகாரம், நமக்கென்ன என்று கேட்பீர்கள். உங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன்.

ஊரக வளர்ச்சித் துறையின் 2015-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்து, கணினி நிரல் ஒன்றை ஓட்டி, தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கிராம ஊராட்சிகளுக்கும் ஆளுக்கொரு கட்டுரை என்று தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றினார்கள். நம் உத்திரமேரூர் ஒன்றியத்து ஊராட்சிகளும் அதில் சேர்ந்தவை. அந்தக் கட்டுரைகளில் என்ன இருக்கிறது? 2011 ஜனத்தொகை, அதில் பெண்கள் எத்தனை, குடிநீர் இணைப்பு எத்தனை, கைக்குழாய் எத்தனை, மேல்நிலைத் தொட்டி எத்தனை, குளம் எத்தனை, சுடுகாடு எத்தனை. பிறகு, அந்த ஊராட்சியில் அடங்கிய சிற்றூர்களின் பெயர்கள்.

நல்ல காரியம். ஆனால் கணக்கு யாருடையது? சர்க்காருடையது. எந்த வருஷத்தது? பத்து வருஷத்துக்கு முந்தியது. உங்கள் தெருவில் ஒரு கைக்குழாய் வெகுநாளாகத் தண்ணீர் விடாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் அது இருக்கிறது. கலைக்களஞ்சியத்திலும் இருக்கிறது. கையால் அடித்துப் பார்க்கிற பெண்ணுக்குத்தான் அது இல்லை.

ஒரு பையன் இதைப் பார்க்கிறான். கோபம் வருகிறது. 'தொகு' என்பதை அழுத்தி, அந்த எண்ணை அடித்துவிட்டு, 'எல்லாம் பொய்' என்று எழுதுகிறான். கால் மணி நேரத்தில் யாரோ ஒரு தொண்டர் அதை நீக்கிப் பழைய எண்ணைத் திரும்பப் போட்டுவிடுகிறார். பையன் என்ன நினைப்பான்? 'இங்கேயும் அதிகாரி இருக்கிறான், இங்கேயும் நம் பேச்சு எடுபடாது' என்று விட்டுவிடுவான். பெரும்பாலும் விட்டுத்தான் விடுகிறார்கள்.

விடாமல் ஒத்தாசைப் பக்கத்துக்குப் போய்க் கேட்டால் என்ன பதில் வரும்? இப்படித்தான் வரும்: 'ஐயா, அந்த எண் துறை வெளியிட்ட 2015 கணக்கு. அந்த வருஷத்துக் கணக்கு என்ற அளவில் அது நிற்கட்டும். இப்போதைய நிலை வேறு என்றால், அதற்கு அச்சில் வந்த ஆதாரம் காட்டுங்கள். பத்திரிகைச் செய்தி இருந்தால் தேதியோடு கீழே சேர்க்கலாம். குழாயை நீங்களே படம் பிடித்துப் பொதுவகத்தில் ஏற்றலாம்.' இந்தப் பதிலால் குழாயில் தண்ணீர் வந்துவிடாது. ஆனால் 'எல்லாம் பொய்' என்ற கூச்சல் கரைந்துபோன இடத்தில், தேதியும் சான்றும் உள்ள ஒரு வரி நிற்கும். அதைப் பிடுங்க வருகிறவன் காரணம் சொல்ல வேண்டும்.

சிற்றூர்ப் பெயர்களையும் பாருங்கள். எத்தனை ஊராட்சிகளில் 'காலனி', 'காலனி' என்று வருகிறது! 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், அந்தச் சொல் இழிவின் அடையாளமாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவோம் என்று அறிவித்தார். ஆவணத்தை அதிகாரி திருத்துவார், அல்லது திருத்தாமல் இழுப்பார். கலைக்களஞ்சியத்திலுள்ள பட்டியலை யார் திருத்துவது? இயந்திரம் பெயரை ஏற்றும். அந்தத் தெருவின் ஜனங்கள் தங்கள் தெருவை என்ன பெயரிட்டு அழைக்க விரும்புகிறார்கள் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அது தெரிந்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கால் வேலி நிலம்

பக்கத்திலிருக்கும் உத்திரமேரூருக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள். 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலை முறை. முப்பது குடும்பு, பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிட்டு, சிறுபையன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் அப்படித் தேர்ந்தெடுத்தார்கள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினனும் மறுபடி நிற்கக் கூடாது என்று விதி. இந்தக் காலத்துக்கும் வேண்டிய விதிதான்.

ஆனால் அதே கல்லில் இன்னொன்றும் வெட்டியிருக்கிறது. ஓலையில் பெயர் ஏற வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். நிலத்தில் இறங்கி உழுதவன் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. ஏரி வாரியத்துக்கு ஓலை போட்டவர் ஒருவர். ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர் வேறொருவர்.

'குடிமராமத்து' என்று இன்று மிகப் பெருமையாகப் பேசுகிறார்கள். ஊர்கூடி ஏரியைக் காப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் 1858-ல் வெள்ளைக்கார சர்க்கார் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று போட்டதே, எதற்கு? ஏரிக்கரை உடையும் ஆபத்து வந்தால் கிராமத்து உழைப்பாளி மக்களை நிர்ப்பந்தமாக வேலைக்கு இழுப்பதற்கு. தண்ணீர் பாய்ந்த நிலம் ஒருவனுக்கு. கரையில் கூடை எடுத்தவன் நிலமில்லாதவன். ஆகவே 'பொது வேலை', 'தொண்டு' என்று யாராவது சொன்னால், உங்கள் மனதில் ஒரு சந்தேகம் எழுவது நியாயமே. ஆலைத் தோழர் ஒருவர் இந்தக் கூட்டத்துக்கு முன்பு என்னைக் கேட்டார்: 'கூலியில்லாத வேலையை நீங்களே பெருமையாகச் சொல்லலாமா?'

சரியான கேள்வி. நான் பார்ப்பது இரண்டு விஷயம். யாராவது நிர்ப்பந்திக்கிறானா? இல்லை. விளைந்தது யாருக்குச் சொந்தம்? எல்லோருக்கும். அங்கே எழுதியதை நீங்கள் நகல் எடுக்கலாம், அச்சடிக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். எழுதியவர்களைக் குறிப்பிட வேண்டும், நீங்கள் மாற்றி எழுதியதையும் அதே சுதந்திரத்தோடு பிறருக்கு விட வேண்டும் என்பது நிபந்தனை. வேலி போட்டு வளைத்துக்கொள்ள முடியாத புறம்போக்கு என்று சொல்லலாமா? இல்லை, புறம்போக்கு என்றால் வளைத்துவிடுகிறார்கள். வேறு உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பெருமுதலாளிகளும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்பது உண்மை. தேடித் தரும் கம்பெனிகள் எடுக்கின்றன. கேட்டால் பதில் சொல்லும் இயந்திரங்கள் என்று இன்று பேசப்படுபவை இந்தப் பக்கங்களையும் தின்று வளர்ந்தவை. விக்கிப்பீடியாவின் கணினிகளை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை, பெரிய அளவில் எடுத்துக்கொள்ளும் கம்பெனிகளிடம் பணம் பெறுவதற்கு 2021-ல் ஒரு தனி ஏற்பாடு துவங்கியது. 2022-ல் கூகுள் அதில் சேர்ந்தது. அந்தப் பணம் அறக்கட்டளைக்குப் போகிறது. இரவில் உட்கார்ந்து பதில் எழுதுகிறவருக்குப் போகவில்லை. இது எனக்கு முழுத் திருப்தி தரும் ஏற்பாடு அல்ல. இருந்தாலும் கம்பெனி எடுக்கிறதே என்று நாம் எழுதாமலிருந்தால், இயந்திரம் நம்மைப் பற்றிச் சொல்லப்போவது மற்றவர்கள் எழுதியதை வைத்துத்தான்.

ஆதாரம் எங்கே?

'அச்சில் வந்த ஆதாரம் காட்டு' என்கிறார்களே, நம் வாழ்க்கையை யார் அச்சிட்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். இந்த விதியில் நமக்கு அநியாயம் இருக்கத்தான் செய்கிறது. கோவில் கட்டிய அரசனுக்குக் கல்வெட்டு உண்டு. கல் சுமந்தவனுக்கு இல்லை. பாட்டி வாயால் சொன்னதைச் சான்றாக வைக்க முடியாது. ஆனால் அதே விதிதான், சாதிப் பெருமை எழுத வருகிறவனையும் தடுத்து நிறுத்துகிறது. 'நாங்கள் ஆண்ட பரம்பரை' என்று எழுதிவிட்டுப் போகிறவனை, தன் பெயரில் தானே கட்டுரை போட்டுக்கொள்கிற பிரமுகரை, 'ஆதாரம் எங்கே?' என்ற ஒரே கேள்வியால்தான் அந்தத் தொண்டர்கள் மறிக்கிறார்கள். விதியை எடுத்துவிட்டால் முதலில் உள்ளே நுழைகிறவர்கள் அவர்கள்தான், நாம் அல்ல.

நமக்கு ஆதாரமே இல்லை என்பதும் சரியில்லை. நம் ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர், 1891-ல் இந்த ஜில்லாவிலுள்ள தாழ்த்தப்பட்ட மக்கள் நிலமில்லாமல் படும் பாட்டை விசாரித்து சர்க்காருக்கு அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். பிறருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலம். அதில் எவ்வளவு கைமாறிப்போனது என்பது உங்களுக்குத் தெரியும். 1994 அக்டோபரில் காரணையில் அந்த நிலத்துக்காக எழுந்த போராட்டத்தில், செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் உயிர் கொடுத்தார்கள். அறிக்கையும் உத்தரவும் அச்சில் இருக்கின்றன. போராட்டச் செய்தி பத்திரிகைகளில் இருக்கிறது. சங்கங்களின் துண்டறிக்கைகளும் மாநாட்டு அறிக்கைகளும் மண்ணெண்ணெய் வாடையோடு டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. துண்டறிக்கையை மட்டும் வைத்துக் கட்டுரை எழுத முடியாது. ஆனால் எந்தத் தேதியில் எந்தப் பத்திரிகையைப் புரட்டுவது என்பதற்கு அது வழி காட்டும். அவற்றைச் செல்லரிக்க விடாதீர்கள்.

எப்படிச் சேர்ப்பது, எந்த அறிக்கை சான்றாகும், எது ஆகாது என்பது தெரியாவிட்டால், அதற்குத்தான் ஒத்தாசைப் பக்கம். தப்பாகக் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம். பேச்சுத் தமிழில் கேட்டாலும் பதில் சொல்கிறார்கள்.

கேள்விகள் இரண்டு

கூட்டம் முடியுமுன் சீட்டில் எழுதிக் கொடுத்த இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வது என்று ஒரு தாயார் கேட்டிருக்கிறார். படம் எடுக்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை, அம்மா. ஏரி மதகு, களத்துமேடு, நடவு, பழைய ஏற்றக்கால், கருவிகள். இவற்றுக்கெல்லாம் நல்ல படங்கள் வேண்டியிருக்கின்றன. நீங்களே எடுத்த படமாக இருக்க வேண்டும். பிறர் எடுத்ததைப் போடக் கூடாது. அதன் கீழே எழுத வேண்டிய பெயரை நீங்கள் சொல்லுங்கள், பேத்தி எழுதட்டும். அந்தக் கருவிக்கு நம் பக்கத்தில் வழங்கும் பெயரையே சொல்லுங்கள்.

பெயரைப் போட்டு எழுதினால் பண்ணைக்காரரோ கம்பெனியோ பழி வாங்கமாட்டார்களா என்று இன்னொருவர். சொந்தப் பெயர் போட வேண்டும் என்ற கட்டாயமில்லை. கணக்குத் துவங்கும்போது புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். தொலைபேசி எண் கேட்கமாட்டார்கள். ஊர், தெரு, வேலை செய்யும் இடம் இவற்றைப் பயனர் பக்கத்தில் எழுதாதீர்கள். கடவுச்சொல்லை ஒரு காகிதத்தில் எழ்திப் பத்திரமாக வையுங்கள், மறந்துவிட்டால் மீட்பது கஷ்டம். மின்னஞ்சல் கொடுத்திருந்தால் மீட்கலாம். கேள்வி கேட்டு முடித்ததும் கீழே நான்கு அலைக்குறி போடுங்கள்; உங்கள் புனைபெயரும் நேரமும் தானாக விழும். பதில் சில சமயம் அன்றைக்கே வரும், சில சமயம் இரண்டு மூன்று நாள் ஆகும். அவர்களும் வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள்தான்.